அவசரப்படாத அடி

என் மாமாவின் இசைக்குழு மூன்று மேடைகளில் ஏறி, மூன்றிலும் பாதிப் பாட்டில் இறக்கப்பட்டது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எங்கள் ஃபிளாட்டில் எங்களோடுதான் இருந்தார். எண்பதுகளின் கடைசி அது, எனக்குப் பதினொரு வயது. ஊரே வேகமான பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பிடித்துப்போனது உலகத்திலேயே மெதுவான ராக் இசை. டூம் மெட்டல் என்று பெயர். டூம் என்றால் என்னவென்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"கேடுகாலம்னு அர்த்தம் அக்கா."

"வீட்டுல இருக்கறது போதாதா லா?"

லண்டனில் நர்ஸாக இருந்த, நண்பர் ஒருவரின் அக்கா அனுப்பிய கேசட்டுகள் மாமாவிடம் இருந்தன. அவற்றைக் கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், இதையெல்லாம் தொடங்கிவைத்த இங்கிலாந்துக்காரர்கள். இரும்புத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த அவர்கள், கிட்டார் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி, ஒவ்வொரு அடியும் சம்மட்டிபோல் தனியாக விழும்படி வாசித்தார்கள். அடுத்து, மற்றவர்களெல்லாம் வேகத்தின் பின்னால் ஓடியபோது ஓட மறுத்த அமெரிக்கர்கள். கடைசியில், தேவாலயத்தில் பாடுவதுபோல் தொண்டை திறந்து துக்கத்தைப் பாடும் சுவீடன்காரர்கள். வரிசை மாற்றிக் கேட்டால் மாமா கேசட்டைப் பிடுங்கிக்கொள்வார். வரிசையாகக் கேட்க வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

மூன்றாவது மேடைக்குப் பிறகு டிரம்மர் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவுக்குப் போய்விட்டார். அடித்துப் பார்க்க வந்த மற்ற டிரம்மர்களுக்கெல்லாம் கை பரபரத்தது. மெதுவாக அடிக்க ஒருவராலும் முடியவில்லை. பள்ளி அணிவகுப்பில் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்த நான், "நான் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன். மாமா சிரித்தார். நான் அடித்துக் காட்டியதும் சிரிப்பை நிறுத்தினார்.

பக்கத்து ஊரான கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறமைப் போட்டி. அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"இந்த வாட்டியும் ஜனங்க கத்துனாங்கன்னா, கிட்டாரை யாருக்காச்சும் குடுத்துட்டு ஒழுங்கா வேலையைப் பாரு."

"சரி அக்கா. இதான் கடைசி."

பேஸ் கிட்டார் வாசித்தவர் லோரி ஓட்டுநர். அவருடைய லோரியில் டிரம்களோடு நாங்களும் அம்மாவும் போய் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் ஏழு குழுக்கள். ஏழும் சினிமாப் பாட்டு. எட்டாவதாக நாங்கள். மாமா கிட்டாரின் தடித்த கம்பியைத் தட்டினார். அது அடங்கும்வரை காத்திருந்து நான் அடித்தேன். அடுத்த அடிக்கும் காத்திருந்தேன்.

"பாஸ், பேட்டரி வீக்கா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மண்டபம் சிரித்தது.

"சீக்கிரம் லா அண்ணே! வீட்டுக்குப் போகணும்!"

கேலி விசில்கள் கிளம்பின. மாமாவின் கழுத்தில் வியர்வை வழிந்ததைப் பார்த்தேன். அவருடைய விரல்கள் வேகம் பிடிக்கத் தொடங்கின. பேஸ் அண்ணனும் அவரோடு ஓடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனையோ மாதம் என்னை வரிசையாகக் கேட்க வைத்தவர், இப்போது இப்படி ஓடுகிறாரே!

நான் ஓடவில்லை. பழைய இடத்திலேயே, பழைய கனத்தோடு அடித்தேன். இரண்டு அடி அவர்களுக்கும் எனக்கும் ஒட்டவே இல்லை. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். "இங்க வாங்க மாமா!" என்று கத்திவிட்டு இன்னும் பலமாக ஓர் அடி. அவர் என் அடிக்கு வந்துவிட்டார். அடுத்த அடியில் மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம். மேடைப் பலகை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. மாமா தலையை நிமிர்த்திப் பாட ஆரம்பித்தார்.

விசில் எப்போது நின்றது என்று தெரியாது. நான் பார்க்கும்போது முன்வரிசைத் தலைகள் என் அடிக்கு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. 'பேட்டரி வீக்கா' என்று கேட்டவர் நாற்காலிமேல் நின்றிருந்தார். கடைசி அடியின் அதிர்வு அடங்கியது. பிறகு எழுந்த கைதட்டலில் நான் பயந்து குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

முதல் பரிசு எங்களுக்கு. பேஸ் அண்ணன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார். நான் தோளிலிருந்து இறங்கியபோது, அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி வாசிங்க" என்றார்.

மாமா அப்படியே மேடையில் உட்கார்ந்து, கிட்டாரில் முகம் பதித்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால்தான் அம்மா என்னிடம் 'இன்னொரு வாட்டி' என்பார். எங்கே தப்பாக அடித்தேன் என்று யோசித்தபடியே குனிந்து குச்சியைத் தேடினேன்.