எலிக்கூடப் பதிவேட்டில் அடிக்கப்பட்ட வரி

பேச்சியம்மாள் இறந்த செய்தி, காளவாசல் சிக்னலில் நான் நின்றிருந்தபோது வந்தது. அவருடைய மகள் பேசினார். "அம்மா போயிருச்சு சார். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." ஏன் தோன்றியது என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

மறுநாள் நம் ஆய்வகப் பலகையில் இரங்கல் குறிப்பு ஒட்டப்பட்டிருந்தது: "எலிக்கூடத்தில் எந்தப் புகாருமின்றிப் பணியாற்றியவர்." இதை எழுதியவரையும், ஒப்பமிட்டவரையும், படித்துத் தலையசைத்துப் போன உங்களையும் கேட்கிறேன்: இது யாரைப் பற்றியது? பேச்சியம்மாள் புகார் செய்தார். எழுத்தில் செய்தார். அதைச் சிவப்பு மையால் அடித்தவன் நான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பன்றித் தீவனத்தைப் பண்ணைக்கு அனுப்புமுன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம்; புரதத்தைச் செரிப்பதில் எலி பெருமளவு பன்றியை ஒத்தது. தின்றதிலிருந்து கழிவில் வெளியேறியதைக் கழித்தால், செரித்தது தெரியும். எலி தன் கழிவையே மீண்டும் தின்னக்கூடிய பிராணி. ஆகவே கழிவு உடனே கீழ்த்தட்டில் விழும்படி, கூண்டின் தரை கம்பி வலையாக இருக்க வேண்டும்.

தட்டில் விழுந்த கழிவையும் சிந்திய தீவனத்தையும் எலிக்கூடப் பராமரிப்பாளரான பேச்சியம்மாள் இடுக்கியால் பிரித்தெடுப்பார். ஒருநாள் நான் அவசரப்படுத்தியபோது நிமிராமலே சொன்னார்: "எம்புட்டுத் தின்னுச்சுன்னு எலிய நம்பாதீக சார். பாதிய எறைச்சுட்டு, முழுசும் தின்ன மாதிரி மூஞ்சிய வச்சுக்கும்."

புளியங்கொட்டைத் தூள் சேர்த்த தீவனத்தைச் சோதிக்கத் தொடங்கியபோது வலைகள் பழசாகித் துருப்பிடித்திருந்தன. புதியவை வாங்கக் காத்திருக்க மேலிடத்துக்குப் பொறுமை இல்லை. தரை மூடிய பிளாஸ்டிக் பெட்டிகளில் எலிகளை வைக்க உத்தரவு வந்தது. மூன்றாம் நாள் காலை பேச்சியம்மாள் என்னை அழைத்தார்.

"சார், கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. போட்டத எடுத்துத் திரும்பத் திங்குது. கழிவு கம்மியா இருந்தா, தீவனம் நல்லாச் செரிச்சுருச்சுன்னுதான எழுதுவீக?"

நான் குனியவில்லை. பதிவேட்டைத்தான் பார்த்தேன். அவர் எழுதியிருந்தார்: "எலிகள் கழிவைத் தின்கின்றன. இந்த அளவு சரியில்லை." குறிப்புப் பத்தியில் எழுத அலுவலருக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்று சொல்லி அந்த வரியை அடித்தேன்.

"அந்த ரூலு எலிக்குத் தெரியாதே சார்," என்றார்.

தீவனம் சிறந்தது என்று அறிக்கை போனது. சில மாதங்களில் திருமங்கலம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து கத்தினார்: "அம்புட்டும் எலும்பும் தோலுமா நிக்குதுய்யா! எந்த எலி இதத் தின்னு கொழுத்துச்சு, காட்டுங்க பாப்போம்!"

விசாரணைக் குழு அமைந்தது. எலிகளைப் பெட்டிகளுக்கு மாற்றச் சொன்னவர்களே அதில் உட்கார்ந்தார்கள். கழிவைச் சரியாகச் சேகரிக்காத பராமரிப்பாளரே காரணம் என்றார்கள். முன்னெச்சரிக்கை ஏதும் பதிவானதா என்று என்னைக் கேட்டார்கள். "அதிகாரம் பெற்ற குறிப்பு எதுவுமில்லை" என்றேன். ஒவ்வொரு சொல்லும் விதிப்படி சரி. மொத்தமும் பொய். பேச்சியம்மாளுக்குக் கண்டன ஆணை கொடுத்து, கூடத்திலிருந்து வெளியேற்றிக் கோப்பு தூக்க வைத்தார்கள். அந்த ஆணை இன்றும் அவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கிறது.

அவர் ஓய்வு பெற்ற நாளில் நான் மாலையோடு நின்றேன். "மால வேணாம் சார். அந்தச் செவப்புக் கோட்ட மட்டும் எடுத்து விடுங்க," என்றார். செய்கிறேன் என்றேன். மூன்று ஆண்டுகள் செய்யவில்லை. அடித்ததை மீட்க விதியில் இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடமிருக்கிறது. அடித்த அலுவலரே, வரி செல்லும் என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டால் போதும். ஒரு நிமிட வேலை.

அதை இன்று செய்தேன். அந்தப் பக்கத்தின் நகலை இரங்கல் குறிப்பின் மேல் ஒட்டியிருக்கிறேன். கண்டன ஆணையை நீக்கவும், அந்தத் தீவன அறிக்கையைத் திரும்பப் பெறவும் கோரும் கடிதமும் அருகில் இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் அதில் கையெழுத்திடுங்கள். இயலாதவர்கள் அவரைப் புகழ்ந்து பேசாதீர்கள். இன்னொரு நகலைப் பழங்காநத்தத்தில் அவர் மகளிடம் கொடுத்தேன். படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு வேலைமுறை. காலையில் பதிவேட்டைத் திறக்குமுன், கூண்டின் முன் குனிந்து பார்க்கிறேன். அதற்கு இரண்டு விநாடிகூட ஆவதில்லை.