துண்டக்கா நீந்தக் கற்றது

கப்பலில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அவர் துண்டக்காதான். மேல்தளத்து நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, வருகிற பயணிகளுக்குச் சுருட்டி வைத்த மஞ்சள் துண்டுகளை எடுத்துக் கொடுப்பதும், நனைந்து கிடப்பவற்றைப் பொறுக்கிக் கூடையில் போடுவதும் அவருடைய வேலை. நாற்பதை நெருங்கும் வயது. வீட்டில் பஸ் ஓட்டும் கணவரும் கல்லூரிக்குப் போகும் மகளும் இருந்தார்கள்.

“தண்ணிக்கு நடுவுல வேலை, நீச்சல் மட்டும் தெரியாது. மீன் விக்கிறவ சைவம் சாப்பிடற மாதிரி இருக்கு” என்று கணவர் கேலி செய்வார். துண்டக்காவும் சேர்ந்து சிரிப்பார். நீச்சல் தெரிந்தவர்களை அந்த வேலைக்குக் கேட்கவும் இல்லை. குளத்துக்கு உயிர்காக்கும் காவலாள் கிடையாது, அவரவர் பொறுப்பில் இறங்க வேண்டும் என்று சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. தினமும் காலையில் அதைத் துடைப்பதும் அவர்தான்.

அன்று கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போகாத நாள். சாப்பாடு முடிந்ததும் கூட்டமெல்லாம் மேல்தளத்துக்கு வந்துவிட்டது. பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு தாய், பெரியவனுக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று அவனை அறைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற போக்கில் துண்டக்காவிடம், “சின்னவ குளத்துப் படிக்கட்டுலயே உக்காந்திருப்பா. கொஞ்சம் பாத்துக்கங்க, இதோ வந்துடறேன்” என்றாள். வெள்ளைச் சட்டையும் நீலத் தொப்பியும் போட்டு நிற்பவர் வேறு யாராக இருக்க முடியும் என்று நினைத்திருப்பாள். பயணிகள் எது சொன்னாலும் தலையாட்டிப் பழகிய துண்டக்கா, அதற்கும் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குடும்பம் துண்டு கேட்டு வந்தது. ஒன்று ஈரமாக இருக்கிறது என்றார்கள், மாற்றிக் கொடுத்தார். திரும்பியபோது படிக்கட்டு காலியாக இருந்தது. தாய் வந்து கூட்டிப் போயிருப்பாள் என்று எண்ணினார். குளத்தின் அடியில் மஞ்சளாக ஏதோ கிடந்தது. யாரோ துண்டைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்று நீளக் கொக்கியை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனார். குனிந்த பிறகுதான் அது மஞ்சள் நீச்சலுடை என்பதும் தலைமுடியும் தெரிந்தன.

அலறிக்கொண்டே குதித்தார். குழந்தையைக் கையில் பிடித்தவருக்குக் கால் ஊன்றவில்லை. இருவரும் சேர்ந்து மூழ்கினார்கள். பக்கத்துக் கடையில் குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஓடிவந்து இருவரையும் இழுத்துப் போட்டார். அத்தனை பேர் குளித்துக்கொண்டிருந்த தண்ணீரில், குழந்தை மூழ்கியபோது ஒருவருக்கும் ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. கப்பல் மருத்துவர் வெகுநேரம் போராடினார். குழந்தை பிழைக்கவில்லை.

“உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?” தாய் அதை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கரையில் விசாரணை நடந்தது. கப்பல் கம்பெனி வக்கீல் நல்ல மனிதர்தான். “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. பலகை இருந்துச்சான்னு கேப்பாங்க. இருந்துச்சுன்னு சொல்லுங்க, போதும்” என்றார்.

கேட்டார்கள். “இருந்துச்சுங்க” என்றார் துண்டக்கா. உட்காரச் சொன்ன பிறகும் அவர் உட்காரவில்லை.

“நான் தலையாட்டினேன். அத நம்பித்தான் அந்தம்மா போனாங்க. எனக்கு நீச்சலும் தெரியாது, தண்ணியப் பாத்துக்கிட்டே நிக்கறது என் வேலையும் இல்ல. அதுக்குன்னே ஒரு ஆள் அங்க நின்னிருந்தா புள்ள செத்திருக்காதுங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே இருந்த தாய் நிமிர்ந்து துண்டக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்ததா என்று பின்னாளில் மகள் கேட்டபோது, “அதெல்லாம் எப்படிடி இருக்கும்?” என்றார் துண்டக்கா.

கப்பலில் இருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. வீட்டில் சில மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குளிக்கும்போதுகூடக் குழாயை முழுதாகத் திறக்க மாட்டார். பிறகு ஒருநாள், நகர நீச்சல் குளத்தில் சேரப் போவதாகச் சொன்னார்.

“இந்த வயசுலயா?” என்றார் கணவர். கேலி செய்ய வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து, “சரி, பஸ்ஸுலயே கொண்டுபோய் விடறேன்” என்று முடித்துக்கொண்டார்.

பள்ளிப் பிள்ளைகளோடு மிதவையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே பல வாரம் பிடித்தது. வைத்த நாளில் ஓரத்துக்கு வந்து தேம்பி அழுதார். உயிர்காப்புத் தேர்வில் முதல் தடவை மூச்சு முட்டித் தோற்றார். அடுத்த தடவை, தேர்வுக்காக அடியில் போட்டிருந்த பொம்மையைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் குளத்திலேயே உயிர்காக்கும் காவலாள் வேலையும் கிடைத்தது. கண்ணைத் தண்ணீரில் இருந்து எடுக்காமல் பேசுவார். திமிர் பிடித்தவர் என்று சில பெற்றோர்கள் புகார் சொல்வார்கள்.

குளிர்பானக்காரர் ஒருநாள் போன் செய்தார். “அக்கா, நம்ம கப்பல்ல குளத்துக்கு ஆள் போட்டுட்டாங்க. சின்னப் பொண்ணு. நல்லா நீந்துது.”

துண்டக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஒரே ஆளா? வெயில்ல நாள் முழுக்க நின்னா கண்ணு கூசும்டா தம்பி. மாத்தி மாத்தி நிக்க இன்னொரு ஆள் கேக்கச் சொல்லு. நீயும் சேர்ந்து கேளு.”

“கேக்கறேங்க்கா.”

போனை ஓய்வறை அலமாரியில் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, தன் அடுத்த காவல் முறைக்காகக் குளத்தை நோக்கி நடந்தார்.