தபீதாளின் வெள்ளை மேடை

வேலை நடக்கும்போது தபீதாளின் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். வலது உதட்டோரமாக, தலைகள் வெளியே பார்த்தபடி ஒரு வரிசை. வலது கை துணியை மடிப்பெடுத்துக்கொண்டே போகும். இடது கை பார்க்காமலே உதட்டிலிருந்து ஓர் ஊசியை உருவி மடிப்பின் கழுத்தில் செருகும். ஊசி வாயில் இருக்கிறவரை அவளிடம் இரண்டே சொற்கள்தான்: 'ம்', 'ம்ஹூம்'. நீளமான 'ம்' என்றால் இன்னும் கொஞ்சம் இழு. குட்டையாக வந்தால் போதும், நிறுத்து. மூக்கிலிருந்து வருகிற 'ம்ஹூம்' என்றால் கட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு ஆரம்பத்திலிருந்து வா. உதவிக்கு வரும் பெண்களுக்கு இந்தப் பாஷை அத்துப்படி.

விவரம் தெரியாத பெண் வீட்டார் பக்கத்தில் வந்து ஏதாவது கேட்பார்கள். தபீதாள் ஒற்றை விரலை உயர்த்துவாள். மடிப்பு முடியும். மிச்ச ஊசிகள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுத் திண்டுக்குப் போகும். முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க" என்பாள். அதற்குள் பாதிப் பேருக்குக் கேட்க வந்தது மறந்துபோயிருக்கும்.

"அதுக்குத்தான் ஊசியே. துணி நிக்கறதுக்குன்னா நெனச்சீங்க?" என்பார் லாசரஸ். தபீதாளின் கணவர். ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். டியூட்டி முடிந்த மாலைகளிலும் விடுப்பு நாட்களிலும் மனைவி கட்டும் மேடைகளுக்கு லைட் போடுகிறவர்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி அவர்கள் வீடு. முன்னறையில் சாட்டின் துணிச் சுருள்கள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றுக்கு வழிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தாம்பரத்தைச் சுற்றியிருக்கிற மண்டபங்களுக்கெல்லாம் திரை தைக்கிற அந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரை கிடையாது. செய்தித்தாளை ஒட்டியிருக்கிறார்கள்.

"ஊருக்கெல்லாம் ஜரிகை வெச்ச ஸ்கிரீனு. நம்ம வூட்டு ஜன்னல்ல இன்னா கீது பாருங்க, போன எலெக்‌ஷன் ரிசல்ட்டு" என்பார் லாசரஸ்.

"நம்ம வீட்டை யாரு போட்டோ எடுக்க வர்றாங்க?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

முன்பு தபீதாள் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஆண்டு விழாவுக்கு அவள் சார்ட் பேப்பரில் வெட்டிய மரங்களைப் பார்த்து, மாணவி ஒருத்தியின் அம்மா தங்கள் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்பிட்டாள். அங்கே தொடங்கியது. வகுப்பறைப் பழக்கம் மட்டும் போகவில்லை. மீசை நரைத்த ஆள் கோணலாக ஆணியடித்தாலும், "தங்கம், நீங்களே கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க" என்றுதான் சொல்வாள். புது மண்டபத்துக்குள் நுழைந்தால் நேராக மேடைக்குப் போக மாட்டாள். கடைசி வரிசையில் மூலை நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, அங்கிருந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "முன்னாடி உக்கார்றவங்களுக்குப் பொண்ணு மாப்பிள்ளையே தெரிவாங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குத்தான் நம்ம டெக்கரேஷன்."

தெர்மாகோலில் வெட்டுகிற பெயர் எழுத்துகளை மறுபடி பயன்படுத்த மாட்டாள். பெயர்கள் போகட்டும், நடுவில் வருகிற 'வெட்ஸ்' எல்லாருக்கும் பொதுதானே, அதையாவது எடுத்து வைக்கலாமே என்று லாசரஸ் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. "அவங்கவங்களுக்கு அவங்கவங்க வெட்ஸ்" என்று சொல்லிவிட்டாள். பழைய எழுத்துகள் வீட்டில் செருப்பு அலமாரிக்கு அடியிலும் மீன் தொட்டிக்குப் பின்னாலும் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடக்கின்றன.

ஆர்டர் எடுக்கும்போது வழக்கமாகச் சில கேள்விகள் உண்டு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உயரம் எவ்வளவு வித்தியாசம்? படியேற முடியாத பெரியவர்கள் இருக்கிறார்களா? எந்த நிறம் யாருக்கு ஆகாது? கடைசிக் கேள்வியை மட்டும் இரு வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்பாள். அது பிளஸ்ஸி கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம்.

பிளஸ்ஸி சேலையூர்ப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன், 2006-ல், அவளுடைய ஆபீஸ் தோழிகள் தபீதாளிடம் வந்து, பிளஸ்ஸிக்கு 'பிரைடல் ஷவர்' வைக்க வேண்டும், அவள் வீட்டு மொட்டை மாடியை அலங்கரித்துத் தர வேண்டும் என்றார்கள். அந்தச் சொல் இந்தப் பக்கத்துக்குப் புதுசு.

"ஷவருக்கு இன்னாத்துக்கு டெக்கரேஷன்? பிளம்பரைக் கூப்ட சொல்லு" என்றார் லாசரஸ்.

தபீதாள் வந்தவர்களில் ஒரு பெண்ணை உட்கார வைத்து விசாரித்தாள். கல்யாணப் பெண்ணைச் சுற்றிச் சிநேகிதிகள் மட்டும் கூடிப் பரிசு கொடுத்து, விளையாடி, கேக் வெட்டுவது என்று தெரிந்ததும், "அவ்ளோதானே, வளைகாப்புல குழந்தையை எடுத்துட்டா இதுதான்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள். துணி காயப்போடும் கொடிக்கம்பிகளையே விட்டமாக்கி, வெள்ளை வலைத்துணியும் காகித ரோஜாவுமாக மொட்டை மாடியில் ஒரு கூடாரம் எழுந்தது. கம்பியில் மறந்துபோன கிளிப்புகள்கூட அன்று சின்னப் பறவைகளைப் போல உட்கார்ந்திருந்தன.

கேக் வெட்டி முடிந்து தோழிகள் கீழே இறங்கிய பிறகு, பிளஸ்ஸி தபீதாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஏதோ பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கம்.

"ரிசப்ஷனுக்கும் இதே மாதிரி ஆன்ட்டி. ஃபுல் ஒயிட்." அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "தயாளனோட அம்மா சர்ச்சுக்கு வர மாட்டேன்னுட்டாங்க. ரிசப்ஷனுக்கு மட்டும் வர்றாங்களாம். இன்னி வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. மேடைக்கு வந்து ஒரு தடவை என் பக்கத்துல நின்னா போதும் ஆன்ட்டி. ஒரே ஒரு போட்டோ."

"வருவாங்க. வராம எங்க போயிடுவாங்க" என்றாள் தபீதாள்.

மாப்பிள்ளை தயாளன் வீட்டார் குன்றத்தூர்க்காரர்கள். கிருத்திகை தவறாமல் முருகன் மலைக்கு ஏறுகிற குடும்பம். அவர்களிடம் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தபீதாளுக்குத் தோன்றவில்லை. சிறு வயதிலிருந்து ஆலயத்தில் அவள் பார்த்த கல்யாணமெல்லாம் வெள்ளை. இந்துக் கல்யாணங்களுக்கு அவர்கள் கேட்ட சிவப்பும் பச்சையும் கட்டியிருக்கிறாள். யாரும் வெள்ளை கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை என்று அவளும் யோசித்ததில்லை.

ரிசப்ஷன் இரும்புலியூரிலேயே ஒரு மண்டபத்தில். பொழுது சாய்வதற்குள் மேடை தயாராகிவிட்டது. வெள்ளை சாட்டின் மடிப்புகள், இரண்டு பக்கமும் சம்பங்கிச் சரங்கள், காலடியில் வெள்ளைக் கிளாடியோலஸ் பூங்கொத்துகள். பார்லரிலிருந்து வந்த பிளஸ்ஸி வாசலிலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குன்றத்தூர் வேன் வந்தது.

தயாளனின் அம்மா தையல்நாயகி. அரக்குப் பட்டு, தலையில் கனகாம்பரம். மண்டபத்துக்குள் நாலு எட்டு வைத்தார், மேடையைப் பார்த்தார், அப்படியே அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கைப்பை, காலில் செருப்பு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரைப் போல இருந்தது. அந்தப் பக்கமாகப் போன தபீதாளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இத யாரு கட்னது?"

தபீதாள் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள். "நான்தாங்க."

"உனக்கு வேற துணியே கெடைக்கலியா? எழவு வூட்ல போத்தற துணிய எம்புள்ள தலைக்கு மேல கட்டி வெச்சிகீறியே."

"பொண்ணு ஆசைப்பட்டுச்சுங்கம்மா."

"ஆசைப்பட்ட பொண்ணு நிக்கட்டும். நான் இங்கயே குந்தினு பாக்கறேன். அந்த மேடையில என் காலு படாது."

பக்கத்திலிருந்த அவருடைய கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தபீதாள் வாசலுக்கு விரைந்தாள். வாசல் வளைவில் கட்டியிருந்த மஞ்சள் சாமந்திச் சரங்களை உருவிவந்து மேடையில் தொங்கவிட்டாள். கடைசி வரிசைக்கு ஓடிப்போய் உட்கார்ந்து பார்த்தாள். ஆயுத பூஜைக்கு லாரியைச் சோடித்த மாதிரி இருந்தது. மணப்பெண் அறையிலிருந்து எட்டிப் பார்த்த பிளஸ்ஸியின் முகம் விழுந்துவிட்டது. சரங்களை அவிழ்த்தாள். புதிதாகத் துணி கட்டவும் நேரமில்லை, கோயம்பேடு போய்ப் பூ வாங்கிவரவும் நேரமில்லை. மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

"துணிய இன்னாத்துக்கு மாத்தறே? லைட்டை மாத்திட்டா போச்சு" என்றார் லாசரஸ். சர்ச்சில் போட்ட கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வாங்கிய மஞ்சள் ஜெலட்டின் பேப்பர் அவருடைய பெட்டியில் மிச்சமிருந்தது. விளக்கின் முகத்தில் அதை ஒட்டினால் விழுகிற வெளிச்சமெல்லாம் மஞ்சளாகும்.

"ஏங்க, பொண்ணு வெள்ளை கேட்டாளே?"

"நாடகத்துல தேவதூதனுக்கு நீல லைட்டு போட்டோமே, போட்டோவுல இன்னா வந்துச்சி? வெள்ளையாதானே வந்துச்சி? ஃப்ளாஷ் அடிச்சா இந்தக் கலரு நிக்காது. கண்ணுக்கு மஞ்சளு, ஆல்பத்துக்கு வெள்ளை. மாமியாருக்கு ஒண்ணு, மருமகளுக்கு ஒண்ணு."

"அது ஏமாத்தறது இல்லியா?"

"நீ வந்து ஏணியப் புடி."

தபீதாள் பிடித்தாள். மண்டபத்து ஏணிக்கு ஒரு கால் குட்டை. இரண்டு கைகளாலும் தோளாலும் அணைத்து முட்டுக்கொடுத்தபடி, முகத்தை அண்ணாந்து நின்றாள். லாசரஸ் ஒவ்வொரு விளக்காக ஏறி இறங்கினார். வீடியோக்காரரின் விளக்குக்கும் ஒரு துண்டு போனது. சூட்டில் காகிதம் காந்துகிற வாசனை லேசாக வந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் மேடை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறிற்று. முதலில் மோர், பிறகு வெண்ணெய், கடைசியில் உருக்கின நெய்.

அறையிலிருந்து பிளஸ்ஸி பதறிக்கொண்டு வந்தாள். "ஆன்ட்டி, என்ன இது?"

"ஆல்பம் வரட்டும், வெள்ளையாதான் இருக்கும். இப்ப என்னை நம்பு. போய் மேடையில நின்னு சிரி."

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தார்கள். தபீதாள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அங்கிருந்து மேடை மட்டும்தான் தெரியும். தயாளன் கீழே பார்த்துக்கொண்டேயிருந்தான். பிளஸ்ஸி பூச்செண்டின் காம்பைத் திருகிக்கொண்டேயிருந்தாள். பட்டுச் சேலை சரசரக்கிற சத்தம் முதலில் கேட்டது. தையல்நாயகி அம்மாள் படியேறி வந்தார். மகன் பக்கம் போகவில்லை. பிளஸ்ஸியின் பக்கத்தில், தோளோடு தோள் உரசுகிற தூரத்தில் போய் நின்றார். போட்டோக்காரர் சம்பத்தின் ஃப்ளாஷ் மின்னியது. அந்த ஒரு கணம் துணி வெள்ளை வெளேரென்று தெரிந்து மறுபடி மஞ்சளானது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று தபீதாள் திரையிடுக்கில் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் திரும்பவில்லை.

ஆல்பம் வந்ததும் பிளஸ்ஸி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒவ்வொரு பக்கமும் பாலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

"அத்தை இப்ப போன்ல பேசறாங்க ஆன்ட்டி. பாதி நேரம் திட்டறாங்க. ஆனா பேசறாங்க."

"ஆல்பத்தைப் பாத்து என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. முழுசாப் புரட்டிப் பாத்துட்டு வெச்சிட்டாங்க."

அந்த 'ஒண்ணும் சொல்லல' தபீதாளின் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் ஒரு தாயை மஞ்சள் காகிதத்தைக் காட்டி மேடையேற்றிவிட்டோமே என்ற நினைப்பு ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில்கூட வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றிலிருந்து குன்றத்தூர் ஆர்டர் எது வந்தாலும் வேறு ஆளைக் கைகாட்டிவிடுகிறாள். கேட்டால், அவ்வளவு தூரம் வண்டி வாடகை கட்டுப்படியாகாது என்கிறாள். அதைவிட அதிகத் தூரமுள்ள சிங்கப்பெருமாள் கோவிலுக்கு இந்த வருஷம் மட்டும் பல தடவை வண்டி போயிருக்கிறது.

"குன்றத்தூர்ல உன்ன போலீஸு தேடினு கீது" என்று லாசரஸ் கிண்டல் செய்வார். அவள் சிரிப்பதில்லை. அந்த அம்மாள் எப்போதாவது எதிரே வந்தால் என்ன சொல்வது என்று இன்னமும் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறாள்.

சம்பத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அவர் அதைத் தபீதாளிடம் சொன்னதில்லை. வேறிடத்தில், பேச்சுவாக்கில், சமீபத்தில்தான் வாய்விட்டார். அன்று கடைசி விளக்குக்குக் காகிதம் ஏறிக்கொண்டிருந்தபோது சம்பத் மேடைக்குக் கீழே குனிந்து கேமராவில் ரோல் மாட்டிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்பா, இந்த மஞ்சளு போட்டோவுல விழுமா?"

யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே அவர் பதில் சொல்லிவிட்டார். "விழாதும்மா. ஃப்ளாஷ் தின்னுடும். வெள்ளையாதான் வரும்." சொல்லிவிட்டு நிமிர்ந்தால், தையல்நாயகி அம்மாள். சம்பத் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் மேடையைப் பார்க்கவில்லை. ஏணியைத் தோளில் தாங்கி, வேர்வை கண்ணில் இறங்குவதைத் துடைக்கக் கை இல்லாமல் நின்றுகொண்டிருந்த தபீதாளைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் கேட்டத ஏணி புடிச்சினு கீதே அந்தப் பொண்ணாண்ட போயி சொல்லாதே" என்றார். பிறகு, "எம்மருமவளுக்கு எந்தப் பக்கமா நான் நின்னா போட்டோ நல்லா விழும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, சம்பத்தின் பதிலுக்குக் காத்திராமல், தலையில் கோணியிருந்த கனகாம்பரச் சரத்தை நேராக்கிக்கொண்டார்.