தேங்காய் வேனின் பின்கதவு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலை, மம்சாபுரம் விலக்கு. சித்திரை முதல் வாரம், காலை. ஸ்டிக்கர் கடை வாசலில் ஒரு தேங்காய் வேன் நிற்கிறது. இன்று ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டிக்குத் தகுதிச் சான்று, எஃப்.சி., வாங்கினால்தான் நாளை லோடு ஏற்ற முடியும். அதற்குப் பின்கதவில் சிவப்புப் பட்டை ஒட்டியாக வேண்டும். பட்டை வர வேண்டிய இடத்தில் ‘ராணுவம்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

பட்டைச் சுருளில் ‘ரெட்ரோரிஃப்ளெக்டிவ்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். லத்தீனில் ‘ரெட்ரோ’ என்றால் பின்னோக்கி. அடுத்த பாதிக்கும் வேர் லத்தீன்தான், திரும்ப வளைப்பது. வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புவது என்று பொருள். பின்னால் வரும் லாரிக்காரனின் விளக்கு அவன் கண்ணுக்கே திரும்பிவிடும், உயிர் தப்பலாம் என்று, என் பைக்குக்கு நம்பர் ஒட்ட வந்த நான் வேன்காரரிடம் விளக்குகிறேன்.

“லாரிக்காரன் என்னைக்கோ ஒருநாதான் சார் இடிப்பான். போலீசு தெனமும்லா மறிக்கான். இந்த எழுத்தப் பாத்தா விட்ருதாங்க.”

கடைக்காரர் அதைக் காதில் வாங்காமல் எழுத்தைச் சுரண்டத் தொடங்குகிறார்.

“அண்ணே, பாத்துண்ணே! கிழியாம எடுங்க, பட்டைக்கு மேல ஒட்டணும்.”

“ஏலே, ஒங்க வீட்ல யாருலே பட்டாளத்துல இருக்கா?”

“மச்சினன்ணே. ஆளெடுப்புக்கு ஓடிப் பழகுதான்.”