ஆயிரமடியார்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை. முகத்தில் ஒரு பக்கம் சவர்க்கார நுரை. கத்தியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுச் சோமசேகரம் முற்றத்து நடுவில் நிற்கிறார். வலக்கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, வந்துகொண்டிருக்கும் ஹெலிகொப்டரைப் பெருவிரலால் மறைத்துப் பார்க்கிறார். ஹெலி விரலுக்குள் அடங்கவில்லை. இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு தெரிகிறது. “ஐந்நூறடியும் இல்லை. பிழை!” என்கிறார், பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி.

கரவெட்டியில் மற்ற எல்லோரும் நிலத்தில் வெட்டிவைத்த பங்கருக்குள் பாய்கிற நேரம் இது. இவர் மட்டும் வெளியில் நின்று அளப்பார். சண்டை தொடங்குமுன் பலாலி விமான நிலையத்துக் கோபுரத்தில் வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். சனம் குடியிருக்கும் இடத்தில், அங்கே ஆக உயரமாக நிற்பதற்கு மேலே ஆயிரம் அடி விட்டுத்தான் விமானம் பறக்கலாம் என்பது அங்கே அவர் படித்த சட்டம். எங்கள் ஊரில் ஆக உயரம் பிள்ளையார் கோயில் கோபுரமா, பின்வளவுப் பனையா என்று என்னோடு ஒரு பின்னேரம் முழுக்க வாதாடியிருக்கிறார். ஊர் அவருக்கு ‘ஆயிரமடியார்’ என்று பட்டம் வைத்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். கோபமில்லை.

சைக்கிள் கடை இராசநாயகம் ஒருநாள் கேட்டே விட்டார். “அண்ணை, உது சனம் ஏத்திற பிளேனுக்கு உள்ள சட்டமெல்லே? குண்டு போட வாறவன் உதைப் பாப்பானே?”

“மேலை ஆர் பறந்தாலென்ன தம்பி, கீழை இருக்கிறது சனம்தானே?”

பங்கருக்குள் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. “பிழை விடுறவன் மேலை. நான் ஏன் கிடங்குக்கை இறங்கவேணும்?” என்பார். உயிர் போனால் சட்டமா வந்து கொள்ளி வைக்கும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் மட்டும் நின்றாலும் பரவாயில்லை. அவர் மனைவி பத்மாசினி முழங்கால் வாதத்தோடு, முருங்கைக்குக் கீழே பங்கர் வாசலில், ஒரு காலைப் படியில் வைத்தபடி நிற்பார். “இஞ்சாருங்கோ, அளந்தது காணும், வாங்கோ. நீங்கள் வராமல் நான் இறங்கமாட்டன்.” இவர் அசையமாட்டார். அந்த மனிசியும் இறங்கமாட்டா.

போன மாதம் முதல் விமானங்கள் உயரப் போய்விட்டன. கீழேயிருந்து சுடுகிறார்கள் என்று விமானிகளுக்குப் பயம். ஆயிரமடியாருக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. போன வெள்ளிக்கிழமை சகடை வந்தது. அந்தப் பருத்த விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் அதுதான். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். பெருவிரலுக்குப் பின்னால் சகடை முழுதாக மறைந்தது. “பாத்தியளே, ஒழுங்குக்கு வந்திட்டாங்கள். மூவாயிரத்துக்குக் குறையாது. சரி!” என்றார். வாய் மூடவில்லை, நிலம் அதிர்ந்தது. குண்டு விழுந்தது அடுத்த வளவில், சீவரத்தினத்தின் வீட்டில். அடுப்படியில் நின்ற சீவரத்தினத்தின் மனைவி அந்த இடத்திலேயே போய்விட்டார்.

செத்தவீட்டில் ஆயிரமடியார் பந்தலுக்குக் கீழே, வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தபோதும் அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.

நேற்றுக் காலை மறுபடி சகடையின் இரைச்சல். பழக்கத்தில் முற்றத்துக்கு வந்தார். கை நீண்டது. ஒரு கண் மூடியது. பங்கர் வாசலில் ஒரு காலோடு நின்ற பத்மாசினி கேட்டார்: “உயரம் சரியோ?”

“ஓம், சரி.”

பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டு நடந்துபோனார். பங்கருக்குள் முதலில் தான் இறங்கி, அந்தக் கையைப் பத்மாசினிக்கு நீட்டினார்.