மரகதம் அக்கா எந்தக் கம்பெனி ஆள்?

2010-ல் ஒரகடம் சாலையில் அந்த ஹோட்டல் திறந்தபோது, முதல் நாளே வேலைக்குச் சேர்ந்த பதினான்கு பெண்களில் மரகதம் அக்காவும் ஒருவர். வல்லம் பக்கத்துக்காரர். அதற்கு முன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு செருப்புக் கம்பெனியில் இருந்தார். பசை வாடை ஒத்துக்கொள்ளாமல் தலைவலி வந்து விட்டுவிட்டார். கணவர் தசரதன் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

நான் குன்றத்தூரிலிருந்து போய்வருவேன். அங்கே எச்.ஆர். பிரிவில் கிளார்க். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கம்பெனியின் வரலாறு சொல்லித் தருவதும் என் வேலைதான். மேலிடத்திலிருந்து வந்த படங்களைச் சுவரில் ஓட்டிக்காட்டி நான் தமிழில் சொல்ல வேண்டும். 1928-ல் ஸ்காட்லாந்தில் ஒரு துறைமுக ஊரில் கார்ன்மியர் என்ற அம்மாள் பதினோரு அறைகளோடு ஒரு விடுதி ஆரம்பித்தார். விரிப்புகளைத் தானே துவைத்தார், படுக்கையைத் தானே விரித்தார். இன்றைக்கு நாற்பது நாடுகளில் அறுநூறு ஹோட்டல். இதுதான் கதை.

மரகதம் அக்கா கை தூக்கினார்.

"அந்தம்மா புள்ளைங்கலாம் இப்ப இன்னா பண்றாங்க சார்?"

"கம்பெனியை வித்துட்டாங்கக்கா. இப்ப ஷேர் வாங்கினவங்க கையில இருக்கு."

"அப்ப இந்தக் கட்டடம்?"

அது மெட்ராஸ் பில்டர் ஒருவருடையது. பேரும் சட்டதிட்டமும் நிர்வாகமும் மட்டும்தான் கார்ன்மியருடையது. உலகம் முழுக்கவும் பெரும்பாலும் அப்படித்தான். கட்டடம் ஒருவருடையது, போர்டு இன்னொருவருடையது. என்னைப் போன்ற நாற்பது பேர் பில்டரின் ஆட்கள். அறை சுத்தம் செய்கிற பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் கொம்பையாவின் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். ஆனால் எல்லோர் சட்டையிலும் கார்ன்மியர் என்றுதான் பேட்ஜ். இதையெல்லாம் அன்றைக்கு நான் அக்காவிடம் விளக்கவில்லை. படத்தில் அது இல்லை.

நான்காம் மாடி அக்காவுடையது. மாதக்கணக்கில் தங்கும் கொரியாக்கார, ஜப்பான்கார எஞ்சினியர்கள் அந்த மாடியில்தான் இருப்பார்கள். யாருக்குத் தலையணை இரண்டு, யார் குளியலறை விரிப்பைத் தொடக் கூடாது என்பார் என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். ஒரு அறைக்கு அறுபத்திரண்டு அம்சங்கள் பார்க்கச் சொல்லி ஆங்கிலத்தில் மேலிடத்துப் பட்டியல் இருந்தது. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டே அதையும் மனதில் ஏற்றிக்கொண்டார். இரண்டு மூன்று வருடத்தில் புதுப் பெண்களுக்குக் கார்ன்மியர் அம்மாளின் கதையையும் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னைவிட நன்றாகச் சொன்னார். "அந்தம்மாவும் நம்பள மாரி பெட்டு போட்டவங்கதான்டி" என்பார்.

2013-ல் மேலிடத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் விருந்தினர் போல வந்து 412-ல் தங்கினார். குழாயின் அடிப்பக்கம், டி.வி.க்குப் பின்னால், அலமாரியின் தலையில் என்று மூன்று இடத்தில் பொட்டு அளவு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுக் காலையில் வெளியே போனார். துடைக்கிறார்களா என்று பார்க்க. திரும்பி வந்தபோது மூன்றும் மேஜை மேல் ஒரு சாஸரில் வரிசையாக இருந்தன. விருந்தினர் பொருளைத் தூக்கிப் போடக் கூடாது என்று அக்கா எடுத்து வைத்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அந்த வருடம் இந்தியாவிலேயே எங்கள் ஹோட்டல்தான் முதலிடம்.

அறையைச் சுத்தம் செய்தவரை சிங்கப்பூரில் நடக்கும் விருது விழாவுக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. கார்ன்மியர் அனுப்பிய ஜி.எம். எல்லோரையும் கூட்டிவைத்துக் கைதட்டச் சொன்னார். அக்கா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். விசாரிக்கப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்ததில் ஊர் முழுக்க விஷயம் தெரிந்தது.

பிறகுதான் விருதுக்குப் பெயர் அனுப்பும் படிவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். முதல் கட்டமே ஊழியர் எண். அக்காவுக்கு எண் இல்லை. ஏஜென்சி எண்ணைப் போட்டேன், சிவப்பு எழுத்தில் மறுத்தது. கார்ன்மியரின் சிங்கப்பூர் ஆபீசுக்கு போன் செய்தேன். எங்கள் ஹோட்டலின் ஊழியர் அல்லாதவரைப் பரிசீலிக்க இயலாது என்றார்கள், மிகவும் மரியாதையாக. ஜி.எம்.மிடம் சொன்னேன். "சூப்பர்வைசர் கவியா நம்பரைப் போடு. இல்லன்னா சான்ஸ் வேற ஹோட்டலுக்குப் போயிடும்" என்றார். போட்டேன்.

அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான்காம் மாடித் துணி அறையில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நம்பரு இல்லியா? அப்ப மூணு வருசமா நான் இங்க இன்னாவா கீறேன்?"

"நீங்க கொம்பையா சார் ஏஜென்சி ஆளுக்கா."

"இந்தச் சட்டை யாருது? அவன் பேரா போட்டுக்கீது?"

அடுத்த வாரம் லீவு நாளில் அவரே கிளம்பினார். கொம்பையா, "எங்கிட்ட ஆள் கேட்டாவ, அனுப்பினேன். விருது கொடுக்கது அவங்க பாடு" என்றாராம். மெட்ராஸில் பில்டர் ஆபீசுக்குப் போனார். ஹோட்டல் விஷயம் எல்லாம் கார்ன்மியர்தான் பார்க்கிறார்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். திரும்பி எங்கள் ஜி.எம்.மிடம் வந்தார். நாங்கள் நிர்வாகம் மட்டும்தான், ஆட்கள் விஷயம் பில்டரும் ஏஜென்சியும் என்றார் அவர். மூன்று பேர் சொன்னதிலும் பொய் இல்லை. அதுதான் எரிச்சலே.

கவியா சிங்கப்பூர் போன வாரம்தான் அக்காவின் பாஸ்போர்ட் தபாலில் வந்தது.

கவியா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், கேட்டரிங் டிப்ளமா படித்தவள். திரும்பி வந்ததும் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நேரே துணி அறைக்குத்தான் போனாள்.

"யக்கா, நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ஜி.எம். விடல. இத நீங்க வச்சிக்கிடுங்க."

"உம்பேரு போட்டுக்கீதே, நான் எதுக்கு வச்சிக்கணும்?" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார். கவியா அழுதாள். அக்கா அவளைத் திட்டவில்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு 409-க்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு கருத்து அட்டை இருக்கும். விருந்தினர் எழுதி ஒட்டிப் போட்டால், இங்கே யாரும் பிரிக்காமல் நேராக சிங்கப்பூர் போகும். அதில் ஒன்றை அக்கா எடுத்து எழுதிப் போட்டுவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வாரம் கழித்து அது ஸ்கேன் ஆகி என் மேஜைக்கே வந்தது. 'விருந்தினர் உள்ளூர் மொழியில் எழுதியுள்ளார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் மொழிபெயர்த்து அனுப்பவும்.'

அறை எண் என்ற இடத்தில், நான்காம் மாடி, துணி அறை என்று இருந்தது. எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதற்கு, மூன்று வருசம் ஐந்து மாசம். கீழே, சின்னப் பிள்ளைகள் போல உருண்டை எழுத்தில்:

'412 நான் சுத்தம் செய்தது. இவங்க என்னைத் தெரியாது என்கிறாங்க. உங்களை ஆரம்பித்த அம்மாவும் பெட்டு போட்டவங்கதான். அவங்களுக்கு நம்பர் இருந்ததா?'

ஜி.எம். படித்துவிட்டு முகம் சிவந்தார். "தண்ணி சூடா வரலன்னு விருந்தினர் எழுதியிருக்கார்னு அனுப்பு, ஜோயல்" என்றார். நான் என் இடத்துக்கு வந்து அப்படித்தான் தட்டச்சு செய்தேன். பிறகு அதை அழித்துவிட்டு, அக்கா எழுதியதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய அதிகபட்ச தைரியம் அதுதான்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் விருந்தினரும் அல்ல, ஊழியரும் அல்ல என்பதால் இந்தப் புகார் முடித்து வைக்கப்படுகிறது.

அவ்வளவுதான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அக்காவைக் கொம்பையா மறுவாரமே இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஃபேக்டரியின் கழிப்பறை வேலைக்கு மாற்றினார். சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அக்கா என்னிடம் கேட்டார், "நீ சரியா எழுதி அனுப்புனியா தம்பி?" அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார். அனுப்பினேன் என்றேன். "இங்கிலீஷ்லயும் அவனுங்களுக்குப் புரியல பாரு" என்று சொல்லிவிட்டு, தசரதன் ஆட்டோவில் ஏறிப் போனார்.

நான்காம் மாடியில் மூன்று மாதத்தில் நான்கு பேரை மாற்றிப் பார்த்தார்கள். ஜப்பான்காரர்கள் ரிசப்ஷனுக்கு வந்து, அந்த அம்மா எங்கே என்று கைஜாடையில் கேட்டார்கள். அடுத்த தணிக்கையில் எழுபத்தொன்று. அந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும், அதுவரை இல்லாத வழி ஒன்று ஜி.எம்.முக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைப் பில்டரின் ஆளாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று, கூப்பிட என்னையே அனுப்பினார்.

அக்கா வீட்டு வாசலில் நின்று பேசினேன். உட்காரச் சொல்லவில்லை.

"நம்பரு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா. ஆனா புதுசா சேர்ற மாதிரிதான். ஒரு வருஷம் ட்ரெய்னி."

"ட்ரெய்னியா! அந்தக் கவியா பொண்ணுக்கே பெட்சீட்டு மூல மடிக்கக் கத்துக் குடுத்தது நானு." வெகுநேரம் திட்டினார். கார்ன்மியரை, பில்டரை, கொம்பையாவை, என்னை. தசரதன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "போயேன், அங்க ஃபேக்டரிலயும் இதானே" என்றார். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா கதவைச் சாத்தினார்.

2014 ஜனவரியில் புதியவர்களுக்கான வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். விதி அப்படி. நான் துறைமுக ஊர்ப் படத்தைப் போட்டேன். ஒரு மணி நேரமும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் பில்டருக்கும் கார்ன்மியருக்கும் ஒப்பந்தம் முறிந்தது. ஒரே நாளில் கிரேன் வைத்துப் பெயர்ப் பலகையை இறக்கினார்கள். வேறு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. அவர்களுக்கும் ஒரு வரலாறு, ஒரு பட்டியல், இந்த முறை எழுபது அம்சங்கள். பில்டரின் ஊழியர்கள் அப்படியே இருக்கலாம் என்றார்கள். கொம்பையாவின் ஆட்களைத்தான் வேண்டாம் என்றார்கள். எண் இருந்ததால் மரகதம் அக்கா தப்பினார். அவரோடு முதல் நாள் சேர்ந்த பெண்களில் மிச்சமிருந்த ஒன்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா அந்த ஒன்பது பேரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு புது ஜி.எம். அறைக்கு வெளியே நான்கு நாள் நின்றார். ஐந்தாம் நாள் அவர் கூப்பிட்டார். மூன்று பேரை எடுத்துக்கொள்கிறேன், யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

"நான் எப்டி தம்பி சொல்றது?" என்று என்னிடம் வந்து நின்றார். "அவன் என்னியே கைகாட்ட வுடுறான் பாரு." அன்றைக்குத்தான் அவர் கண் கலங்கி நான் பார்த்தது.

அவர் யாரையும் கைகாட்டவில்லை. ஒன்பது பேரையும் வரச் சொல்லி, 412-ஐ ஆளுக்கொரு முறை சுத்தம் செய்துகாட்ட வைத்து, நீங்களே பாருங்கள் என்று ஜி.எம்.மை நிற்க வைத்தார். ஐந்து பேரை எடுத்தார்கள். மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் இன்றுவரை அக்காவிடம் பேசுவதில்லை.

நான் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் போனேன். கிளம்பும் நாளில் விடைபெறப் போனபோது அக்கா இன்னும் கோபத்தில்தான் இருந்தார். கையில் புதுக் கம்பெனியின் ஊழியர் விவரப் படிவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த ஆண்டு என்ற இடத்தில் 2014 என்று அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்து 2010 என்று எழுதியிருந்தார்.

"திருப்பி அனுப்புவாங்கக்கா."

"அனுப்பட்டும். திரும்ப எழுதுறேன்" என்றார்.