கற்பூரத்துக்குப் பயந்தவர்

என் கொழுந்தனார் தெய்வத்துக்குப் பயந்தவர் என்று செந்துறைப் பக்கம் இன்னும் யாராவது சொல்லக்கூடும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பயத்தின் லட்சணத்தை ஒரே வீட்டில் மூத்த மருமகளாக இருந்து பார்த்தவள் நான்.

அது இரண்டாவது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். கள்ளுக்கும் அபினிக்கும் மட்டும் எங்கள் பக்கம் பஞ்சமே வரவில்லை. கடலை விலை இறங்கினாலும், மாடு படுத்தாலும், குழம்பில் உப்பு கூடினாலும் கொழுந்தனார் கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பார். எதுவும் நடக்காத நாளிலும் அடிப்பார். காரணம் தேடுகிற அளவுக்கு அவருக்கு மூளை கிடையாது.

அவளோ சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. அடி விழுந்த மறுநாள் மாமியார் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். பிறகு கடுகளவு அபினியை வெல்லத்தில் பொதிந்து நீட்டுவார்.

“முழுங்கிடு. வலி தெரியாது. களை எடுக்கப் போவணும்ல.”

அந்த அபினியை அரியலூர் லைசென்சு கடையில் வாங்கி வருபவர் கொழுந்தனார்தான். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கும் கையோடு அதையும் வாங்குவார். அடித்ததும் அவர், மருந்து வாங்கியதும் அவர். இதை எங்கள் வீட்டில் அக்கறை என்றார்கள்.

கடுகளவு மிளகளவானது. அடி விழாத நாளிலும் அவள் கேட்க ஆரம்பித்தாள். குழந்தை அழுவது காதில் விழாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். அப்போதுதான் கொழுந்தனாருக்கு மானம் வந்தது. அபினி தின்கிறவளோடு குடும்பம் நடத்த முடியாது, குழந்தையை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போகட்டும் என்று ஊரைக் கூட்டினார்.

அய்யனார் கோயிலில் பெரியவர்கள் கூடினார்கள். கன்னம் புடைக்கப் புகையிலையை அடக்கிக்கொண்டு, ஒரு பெண்ணின் கெட்ட பழக்கத்தைப் பற்றி வெகுநேரம் வருத்தப்பட்டார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார்.

“இனிமே தொட மாட்டேன்னு கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பண்ணலன்னா புள்ளைய வுட்டுட்டுப் போயிடணும்.”

அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“பண்றேங்க. இவரும் இனிமே என்னை அடிக்க மாட்டேன்னு அணைக்கட்டும்.”

கொழுந்தனார் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தார். பொய்ச் சத்தியம் செய்தால் கை விளங்காது, கால்நடை தங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. யாரிடமும் கூசாமல் பொய் சொல்கிற மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

“என்னால முடியாதுங்க. நாளைக்குக் கை நீண்டுட்டா சாமி குத்தமாயிடும்.”

வெட்கம் கெட்ட பதில் என்று நான் நினைத்தேன். கூட்டமோ தலையாட்டியது. “யோக்கியன்யா. பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேங்குறான் பாரு” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

“அப்ப அடிக்கத்தான் போறாருன்னு அவரே சொல்றாருங்களே” என்றேன்.

“பொம்பளைங்க பேசுற எடமா இது?”

அவள் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தாள்.

வாந்தியும் நடுக்கமுமாக நாள் கணக்கில் கிடந்து எழுந்தாள். அபினியைத் தொடவில்லை. எழுந்த வாரமே, பட்டப்பகலில், யோக்கியர் கையை நீட்டினார். முன்பெல்லாம் அபினி மயக்கத்தில் மரக்கட்டை மாதிரி அடி வாங்குவாள். இப்போது ஒவ்வொரு அடிக்கும் அலறினாள். நான் நடுவில் புகுந்து இழுத்தேன், எனக்கும் விழுந்தது. தெருவே வாசலுக்கு வந்தது.

எதிர்வீட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைத்திருந்தாராம். எரிச்சலோடு சொல்லி அனுப்பினார்: “அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் குடுத்து அமத்தச் சொல்லுங்க.”

மாமியார் வெல்ல உருண்டையோடு வந்தார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளங்கையிலிருந்த தீக்காயத்தை அவரிடம் நீட்டினாள்.

“சத்தியம் பண்ணியிருக்கேன் அத்தை. ஊரு கேக்கட்டும்.”